அறவிடாத வரி எங்கே போகிறது? அரசாங்க நிதி பற்றிய குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைப் பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவின் கௌரவ தவிசாளர் அவர்களுக்கும் கௌரவ உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வடமாகாணப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உயர்தர மாணவருக்குப் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். எந்தக் கட்சியையும் சேர்ந்தவன் அல்லன். உங்களிடம் எனக்கு ஒரேயொரு கோரிக்கை உண்டு. வரியைக் குறைக்கும், விலக்களிக்கும், அல்லது அரச செலவைக் கூட்டும் எந்த முடிவும் நடைமுறைக்கு வருவதற்கு முன்னர், அம்முடிவு அடுத்த ஐந்து ஆண்டுகளில் நாட்டின் பொதுப்படுகடனை, அதாவது அரசு பட்டுள்ள மொத்தக் கடனை, எவ்வளவு மாற்றும் என்பதையும், அந்த மாற்றத்தின் சுமை எவர் தோளில் விழும் என்பதையும் காட்டும் எழுத்துமூலக் கணக்கொன்று உங்கள் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். அதே நாளில் மும்மொழிகளிலும் மக்கள் பார்வைக்கு வெளியிடப்படவும் வேண்டும். இக்கோரிக்கை எளிமையானதாகத் தோன்றலாம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் இப்படியொரு கணக்கு எவரிடமும் கேட்கப்படாமல் போனதால் நாம் கொடுத்த விலையை நினைத்தே இதை எழுதுகிறேன்.

அந்த ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. பதினொரு நாட்கள் கழித்து, நவம்பர் 27ஆம் திகதி, புதிய அமைச்சரவை வரிக்குறைப்புத் தொகுதியொன்றை அறிவித்தது. பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக, டிசம்பர் முதலாம் திகதி முதல், குறைக்கப்பட்டது. அவ்வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய வியாபாரங்களின் ஆண்டுப் புரள்வு எல்லை 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடி ரூபாய்க்கு ஒரே தாவலில் உயர்ந்தது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி முற்றாக நீக்கப்பட்டது. ஊழியரின் சம்பளத்திலிருந்து முதலாளி கழித்துக் கட்டிவந்த வரியும், வங்கி வட்டியிலிருந்து கழிக்கப்பட்டுவந்த நிறுத்திவைத்தல் வரியும் கைவிடப்பட்டன. தனிநபர் வருமான வரியில் விலக்கெல்லை ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாயாயிற்று. கம்பனிகளுக்கான பொது வரிவீதம் 28இலிருந்து 24 சதவீதமாக இறங்கிற்று.

இவற்றுள் வீதக் குறைப்பை விட எல்லை உயர்வும் மூலத்திலேயே கழிக்கும் முறையின் நீக்கமுமே ஆழமான காயங்கள் என்று நான் கருதுகிறேன். வீதத்தை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் திரும்ப உயர்த்திவிடலாம். ஆனால் பதிவேட்டிலிருந்து வெளியே போன வியாபாரியையும், வரிக்கோப்பே இல்லாமல் போன சம்பளக்காரரையும் மீண்டும் வலைக்குள் கொண்டுவருவதற்கு ஆண்டுகள் வேண்டும். பெறுமதி சேர் வரியின் பதிவு எல்லை 6 கோடி ரூபாய்க்கு இறங்குவதற்கு 2024 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. சம்பளத்தில் கட்டாயமாகக் கழிக்கும் முறை 2023 ஜனவரியிலேயே திரும்பியது.

இந்த முடிவுகள் எடுக்கப்பட்ட முறையைப் பற்றியும் குழு சிந்திக்க வேண்டும். பகிரங்க நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆயினும் 2020 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நடைமுறைக்கு வந்த வருமான வரி மாற்றங்களுக்கான உள்நாட்டு இறைவரித் திருத்தச் சட்டம் 2021 மே மாதத்திலேயே சான்றுப்படுத்தப்பட்டது. இடைப்பட்ட பதினாறு மாதங்களும் திணைக்கள அறிவித்தல்களின் பேரிலேயே நாட்டின் வரிமுறை இயங்கியது. பாராளுமன்றம் 2020 மார்ச்சில் கலைக்கப்பட்டதும், புதிய சபை ஓகஸ்டில் கூடியதும் இதற்குச் சொல்லப்படக்கூடிய காரணங்கள்தாம். எனினும், சட்டம் இயற்றும் சபையின் கைக்கு விடயம் வந்துசேர்ந்தபோது வருமானம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது என்பதும், விவாதிப்பதற்கு எதுவும் மீந்திருக்கவில்லை என்பதும் மாறப்போவதில்லை.

2019இல் ஏறக்குறைய 1,735 பில்லியன் ரூபாயாக இருந்த வரி வருமானம் 2020இல் 1,217 பில்லியன் ரூபாயளவுக்கு வீழ்ந்தது. ஒரே ஆண்டில் பத்தில் மூன்று பங்கு மறைந்தது. இதில் கொவிட் பெருந்தொற்றின் பங்கைப் பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊரடங்கும், மூடிய விமான நிலையமும், வாகன இறக்குமதித் தடையும் எந்த வரிமுறையின் கீழும் வருமானத்தைக் குறைத்தேயிருக்கும். அதேபோல், சிக்கல் 2019இல் தொடங்கியதும் அன்று. 1990களின் தொடக்கத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 20 சதவீதமளவில் இருந்த அரச வருமானம் பல அரசாங்கங்களின் காலத்தில், மெல்ல மெல்ல, 12, 13 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. அந்த இடைவெளியைச் சர்வதேச இறைமை முறிகள், அதாவது வெளிநாட்டுச் சந்தையில் அரசு டொலரில் விற்ற கடன் பத்திரங்கள், நிரப்பிவந்தன. இவ்வாறு ஏற்கெனவே மெலிந்திருந்த உடலிலிருந்துதான் 2019இல் மேலும் குருதி எடுக்கப்பட்டது. பெருந்தொற்றின் முதல் அலை தணிந்த பிறகும் வரிவீதங்கள் இருந்த இடத்திலேயே விடப்பட்டன. 2021இல் பொருளாதாரம் ஓரளவு மீண்டபோதும் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 8 சதவீதத்தைச் சற்றே தாண்டிய நிலையில் நின்றதை நோயின் பேரில் மட்டும் எழுதிவிட முடியாது.

வரிக்குறைப்பு பொருளாதாரத்தை வளர்க்கும், வளர்ச்சி இழந்த வருமானத்தைத் திருப்பித்தரும் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட நியாயம். வகுப்பறையில் நான் மாணவருக்குக் கொடுக்கும் ஒரு சிறு கணக்கை இங்கே வைக்கிறேன். நூறு ரூபாய் உற்பத்தியில் 12 ரூபாயை வரியாகப் பெற்ற அரசு இனி 8 ரூபாய் மட்டும் பெறுவதாக வைத்துக்கொள்வோம். பழைய 12 ரூபாயையே திரும்பப் பெறுவதற்கு உற்பத்தி 150 ரூபாயாக வளர வேண்டும். ஆண்டுதோறும் தவறாமல் 6.5 சதவீதம் வளர்ந்தாலும் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த ஆறு ஆண்டுகளிலும் ஆசிரியரின் சம்பளம், மருத்துவமனையின் மருந்து, பழைய கடனின் வட்டி ஆகியவற்றுள் எதுவும் காத்திருக்காது. ஆண்டுதோறும் விழும் பள்ளத்தைப் புதிய கடன் நிரப்பும், அந்தக் கடனுக்கு வட்டி ஏறும், அந்த வட்டியையும் அடுத்த கடனே கட்டும். உயர்தர மாணவர் கால் மணி நேரத்தில் செய்துமுடிக்கும் இக்கணக்கை அமைச்சரவையின் மேசையில் எவரும் வைக்கவில்லையா, வைத்தும் பார்க்கப்படவில்லையா என்பது இன்றும் எனக்கு விளங்காத கேள்வி.

அறவிடாமல் விட்ட வரி எங்கே போயிற்று என்பதையே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அரசு செலவைக் குறைக்காதபோது, கைவிடப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் கடனாக வேறொரு வாசலால் உள்ளே வந்தாக வேண்டும். 2020இல் கடன் தரமிடும் நிறுவனங்கள் இலங்கையின் தரத்தை அடுத்தடுத்துக் குறைத்தபின் வெளிநாட்டுச் சந்தை என்ற வாசல் மூடிக்கொண்டது. எஞ்சியவை உள்நாட்டு வங்கிகளும், ஊழியர் சேமலாப நிதியும், மத்திய வங்கியும். மத்திய வங்கி, அரசின் குறுங்காலக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களைத் தானே வாங்கிப் புதிய பணத்தைப் புழக்கத்தில் விட்டது. 2019 இறுதியில் ஏறக்குறைய 13,000 பில்லியன் ரூபாயாக இருந்த மத்திய அரசின் கடன் 2021 இறுதியில் 17,600 பில்லியன் ரூபாயளவைத் தொட்டது. இரண்டே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான அதிகரிப்பு. அந்த 2021இல் அரசு பெற்ற மொத்த வருமானம் 1,457 பில்லியன் ரூபாய், கட்டிய வட்டி 1,048 பில்லியன் ரூபாய். வருமானமாக வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 72 ரூபாய், பட்ட கடனின் மூலத்தொகையில் ஒரு சதமும் குறையாமலே, வட்டிக்குப் போய்விட்டது.

செலவுப் பக்கமும் அமைதியாக இருக்கவில்லை. 2022 ஜனவரி 3ஆம் திகதி, அரச ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் மாதம் 5,000 ரூபாய் கொடுப்பனவு உள்ளிட்ட 229 பில்லியன் ரூபாய் நிவாரணத் தொகுதி அறிவிக்கப்பட்டது. ஓய்வூதியன் என்ற முறையில் அந்த 5,000 ரூபாய் எனக்கும் வந்தது; விலைகள் ஏறிக்கொண்டிருந்த நாட்களில் அது தேவையாகவும் இருந்தது. ஆனால் அதற்கு ஈடான வருமானம் எங்கும் காட்டப்படவில்லை. இரண்டு வாரங்கள் கழித்து, ஜனவரி 18ஆம் திகதி, கையிருப்பில் மிஞ்சியிருந்த டொலர்களிலிருந்து 50 கோடி டொலர் இறைமை முறிக்காகச் செலுத்தப்பட்டது. மூன்று மாதங்களுக்குள், ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. எனக்குத் தரப்பட்ட 5,000 ரூபாயை எரிவாயு வரிசையிலும் அரிசி விலையிலும் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்தேன்.

2022ஆம் ஆண்டின் எண்களைக் குழு தனியே எடுத்துப் படிக்க வேண்டும் என்று வேண்டுகிறேன், ஏனெனில் படுகடன் பற்றாக்குறையால் மட்டும் வளர்வதில்லை என்பதை அந்த ஆண்டைப் போல் வேறெதுவும் கற்பிக்காது. மத்திய அரசின் கடன் அந்த ஓராண்டில் 17,600 பில்லியன் ரூபாயிலிருந்து 27,500 பில்லியன் ரூபாயளவுக்கு ஏறிற்று. வரவு செலவுப் பற்றாக்குறை அந்த அதிகரிப்பின் ஏறக்குறைய கால் பங்கையே விளக்குகிறது. மீதியில் பெரும்பகுதி, டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியதால், ஏற்கெனவே பட்டிருந்த வெளிநாட்டுக் கடன் ரூபாய்க் கணக்கில் வீங்கியதன் விளைவு. திறைசேரி உண்டியல்களின் வட்டிவீதம் 30 சதவீதத்துக்கு மேலே போயிற்று. வரியைக் குறைத்தவர்கள் இழந்த வருமானத்தை மட்டும் கணக்கிட்டிருந்தால்கூடப் போதியிருக்காது. அந்த இழப்பு நம்பிக்கையைக் குலைத்து நாணயத்தையும் வட்டியையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அதனால்தான் நான் கேட்கும் கணக்கு ஓராண்டுக்கு உரியதாக இல்லாமல் ஐந்தாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்கிறேன். மூன்று வெவ்வேறு வட்டிவீத, நாணயமாற்று நிலைகளில் அது செய்துகாட்டப்படவும் வேண்டும்.

இந்தச் சுமையைச் சுமந்தவர் யார்? என் தமக்கையின் மகள் வன்னியிலுள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பதினான்கு ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவள். மாதச் சம்பளத்தில் 8 சதவீதம் அவளிடமிருந்தும் 12 சதவீதம் முதலாளியிடமிருந்தும் சேமலாப நிதிக்குப் போகிறது. 2019 வரிக்குறைப்பால் அவளுக்கு வருமான வரியில் ஒரு ரூபாயும் மிஞ்சவில்லை, ஏனெனில் மாதம் ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறைவாகச் சம்பளம் பெற்ற ஊழியர் அதற்கு முன்னரும் வருமான வரி கட்டவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஆண்டளவில் 70 சதவீதமளவு ஏறியபோது, அவ்வாண்டுக்குச் சேமலாப நிதி அறிவித்த வட்டி 9 சதவீதம். அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, ஓய்வூதிய நிதியங்கள் தம் முறிகளைக் குறைந்த வட்டியுள்ள நீண்டகால முறிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் 14 சதவீதத்துக்குப் பதிலாக 30 சதவீத வருமான வரி கட்ட வேண்டும் என்ற நிலைக்குள் நிறுத்தப்பட்டன. வங்கிகள் வைத்திருந்த ரூபாய்த் திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. வங்கிகள் சரிந்தால் வைப்பாளர்களும் சரிவர் என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 2019இல் மாதம் பல இலட்சம் உழைத்தவர் கட்டாமல் விட்ட வரியை, வட்டியோடு சேர்த்து, இயந்திரத்தின் முன் குனிந்திருந்த ஒரு பெண்ணின் முதுமைக்கால நிதி கட்டிற்று என்ற உண்மையை இந்தக் குழுவின் ஏடுகளில் எங்கேனும் ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும்.

பின்னர் வரி திரும்பி வந்தது. பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 12 சதவீதமாக, செப்டெம்பரில் 15 ஆக, 2024 ஜனவரியில் 18 ஆக உயர்ந்தது. 2019 குறைப்புக்கு முன்னர் இருந்த இடத்தையும் தாண்டி, முன்பு விலக்களிக்கப்பட்டிருந்த பல பொருட்களையும் சேர்த்துக்கொண்டு, வருமானம் சுருங்கிய குடும்பங்களின் மேல் அது விழுந்தது. வறுமை இக்காலத்தில் ஏறக்குறைய இரு மடங்கானதாக உலக வங்கி மதிப்பிட்டது. நல்ல காலத்தில் வரியைக் குறைத்துக் கெட்ட காலத்தில் உயர்த்துவது அரசிறைக் கொள்கை செய்ய வேண்டியதற்கு நேர்மாறானது. கடன் பட்டுக் குறைத்த எவருக்கும் வேறு வழி இருப்பதில்லை. 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், இந்தப் பொருளாதார வீழ்ச்சிக்கு வழிவகுத்த முடிவுகளால் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று, முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோர் மீது தீர்ப்பளித்தது. தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் சொல்ல நேர்ந்ததை நான்கு நாட்களுக்குள் சொல்லியிருக்க வேண்டிய இடம் பாராளுமன்றமே.

இனி அப்படி நடக்காதவாறு சட்டங்கள் வந்துவிட்டன என்று எனக்குப் பதில் சொல்லப்படலாம். 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அரசுக்குப் பணம் அச்சிட்டுக் கொடுப்பதைத் தடைசெய்கிறது. பொதுப்படுகடன் முகாமைத்துவத்துக்குத் தனிச் சட்டமும் தனி அலுவலகமும் உள்ளன. இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டத்தில் எண்ணால் எழுதப்பட்டுள்ள உச்சவரம்பு, வட்டி நீங்கலான முதன்மைச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது. அது செலவின் மேல் வைக்கப்பட்ட வேலி. 2019இல் வெள்ளம் புகுந்தது வருமானத்தின் பக்கத்தால். நாளை ஓர் அரசாங்கம் அதே வரிக்குறைப்பை அறிவித்தால் அந்த 13 சதவீத வரம்பு ஒரு புள்ளிகூட மீறப்படாது. 2003ஆம் ஆண்டின் அரசிறை முகாமைத்துவப் பொறுப்புச் சட்டமும் பற்றாக்குறையை 5 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொன்ன சட்டந்தான். அது ஏட்டில் இருந்தபடியேதான் பற்றாக்குறை 2021இல் 11 சதவீதத்தைத் தாண்டிற்று.

இந்த வரம்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. செலவை அதற்குள் அடக்க நேரும்போது முதலில் வெட்டுப்படுவது சம்பளமோ ஓய்வூதியமோ அல்ல. பாலமும் குளக்கட்டும் பாடசாலைக் கட்டடமுந்தான். மூலதனச் செலவுக்கு ஒதுக்கிய பணம் முழுமையாகச் செலவாகாமல் ஆண்டு முடிவதும், அதனால் முதன்மை மிகை, அதாவது வட்டி நீங்கலான செலவை விஞ்சும் வருமானம், அழகாகத் தெரிவதும் அண்மைக் காலத்தில் நாம் கண்டவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீதிகளையும் ரயில் பாதைகளையும் மலையகத்துக் குடியிருப்புகளையும் அழித்துப் போனபின், பராமரிக்காமல் விட்ட கட்டமைப்பும் ஒரு வகைக் கடனே என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. புனரமைப்புக்கு அரசு செலவிடத்தான் வேண்டும், அதற்காகக் கடன் படவும் வேண்டியிருக்கலாம். குளத்தைக் கட்டப் பட்ட கடன் வயலில் விளைந்து வரும். மாதாந்தக் கொடுப்பனவுக்குப் பட்ட கடன் வட்டியாக மட்டுமே வரும். இந்த வேறுபாட்டை நான் கேட்கும் கணக்கு வெளிப்படையாகக் காட்ட வேண்டும்.

வருமானப் பக்கத்திலும் ஒரு கவலை. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபின் அரச வருமானம் துள்ளி எழுந்திருக்கிறது. ஐந்தாண்டுகளாகத் தேங்கியிருந்த வாகனத் தேவை தீர்ந்ததும் அந்த எழுச்சி தணியும். அப்படித் தணியக்கூடிய வருமானத்தை நிலையானதெனக் கொண்டு நிலையான சம்பள உயர்வுகளும் வரிச் சலுகைகளும் வாக்களிக்கப்படுமானால், இடைவெளி மீண்டும் படுகடனிலேயே வந்து விழும். சர்வதேச நாணய நிதியத்தின் நான்காண்டுத் திட்டம் 2027இல் முடியவேண்டும். வெளிநாட்டு அரசுகளுக்கான கடனின் மூலத்தொகை 2028இலிருந்து திரும்பக் கட்டப்பட வேண்டும். கண்காணிப்பு விலகும் ஆண்டும் தவணை தொடங்கும் ஆண்டும் அடுத்தடுத்து வருவதாலேயே இம்மடலை இப்போது எழுதினேன்.

ஆகவே குழுவிடம் திட்டவட்டமாகக் கேட்கிறேன். முதலாவதாக, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வருமான இழப்பையோ செலவையோ உண்டாக்கும் எந்த முடிவுக்கும், 2023இல் சட்டமாக்கப்பட்ட பாராளுமன்ற வரவு செலவுத் திட்ட அலுவலகம் தயாரிக்கும் படுகடன் விளைவு அறிக்கை கட்டாயம் என்று பாராளுமன்ற நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளில் சேருங்கள். சட்டம் நிறைவேறுமுன் திணைக்கள அறிவித்தலால் வரி நீக்கும் வழக்கத்துக்கு முடிவு காணுங்கள். அவசரகாலத்துக்கென்று விதிவிலக்கு வேண்டுமாயின் அது தொண்ணூறு நாட்களில் தானாகக் காலாவதியாகட்டும். 2020 ஒக்டோபரில் சீனியின் மீதான விசேட பண்ட அறவீடு கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டபோது கடையில் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. எனவே ஒவ்வொரு சலுகையும் போய்ச் சேர்ந்தவர் எவர் என்று ஆறு மாதங்களுக்குள் குழு விசாரித்து அறிக்கையிட வேண்டும்.

அந்த அறிக்கைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் ஒரே நாளில் வெளிவர வேண்டும் என்பதை மீண்டும் வலியுறுத்துகிறேன். தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் என் தமக்கையின் மகள் தன் சேமலாப நிதியைத் தொடும் முடிவை, அது எடுக்கப்படுமுன், தன் மொழியில் வாசிக்க உரிமையுள்ளவள். குழு விரும்பினால், எந்த அமர்விலும் நேரில் வந்து என் சொந்தச் செலவில் சாட்சியமளிக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.